வாசிப்பு வகுப்பு மூன்றாவது வாரமே சலித்துப் போகிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

புளியமரத்தடி டீச்சர்:

வணக்கம். அரசு நடுநிலைப்பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். வேலைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. கேள்வி சின்னதுதான், ஆனால் கொஞ்சம் புலம்பிவிட்டுத்தான் கேட்க முடியும் போலிருக்கிறது.

வாசிப்பு என்றால் எங்கள் பள்ளியில் (உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் இருக்கும்) முதல் பெஞ்சில் ஆரம்பித்து ஆளுக்கு ஒரு பத்தி. நான் படித்தபோதும் அப்படித்தான், நடத்தியதும் அப்படித்தான். போன வருடம் ஒருநாள் சும்மா வகுப்பின் கடைசியில் போய் நின்று பார்த்தேன். முன்னால் ஒரு பெண் வாசித்துக்கொண்டிருக்கிறாள், நான்காவது வரிசையில் ஒருவன் தனக்கு எந்தப் பத்தி வரும் என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறான், கண்டுபிடித்ததும் அதை மட்டும் வாய்க்குள்ளேயே பழகிக்கொள்கிறான். முறை முடிந்தவர்கள் ஜன்னல் வழியாகச் சத்துணவுக்கூடப் புகையை வேடிக்கை பார்க்கிறார்கள். 40 நிமிடத்தை 31 பேருக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஒன்றேகால் நிமிடம் வரும், வருகைப்பதிவும் சத்தம் அடக்குவதும் போனால் அதுவும் வராது. மீதி நேரமெல்லாம் அவர்கள் செய்வது காத்திருப்பது மட்டும்தான்.

சரி, மாற்றலாம் என்று இறங்கினேன். சீட்டுக் குலுக்கிப் போட்டு வாசிக்க வைத்தேன். பந்தை எறிந்து பிடித்தவர் வாசிக்க வேண்டும் என்றேன், அதில் ஒரு டியூப்லைட் போயிற்று. நாடகம் போட்டோம். சொந்தக் காசு 600 ரூபாய் கொடுத்து ஒரு ப்ளூடூத் மைக் வாங்கினேன், செய்தி வாசிப்பாளர் மாதிரி வாசிக்கட்டும் என்று. இரண்டு வாரம் திருவிழா. வாயே திறக்காதவன்கூட ‘டீச்சர் நான், டீச்சர் நான்’ என்றான். மூன்றாவது வாரம் மைக்கில் சார்ஜ் இல்லை என்று சொன்னபோது பின்னாலிருந்து ஒரு ‘அப்பாடா’ கேட்டது. அன்றைக்கு மனசு விட்டுப் போயிற்று.

இன்னொரு பக்கம், எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்பது பேர் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். நான்கு பேர் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் ‘நுழை’யில் தொடங்கி ‘நட’, ‘ஓடு’ எல்லாம் தாண்டி ‘பற’ வரைக்கும் முடித்துவிட்டு ‘வேற இல்லையா டீச்சர்’ என்று நிற்கிறார்கள். நடுவில் இருப்பவர்கள்தான் எனக்குப் பெரிய புதிர். ஒருவன் உரைநடைப் பாடத்தில் ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். முடித்ததும் ‘இதில் ஊருக்குப் போனது யார்?’ என்று கேட்டேன். என்னைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

வாரத்துக்கு ஒரு வித்தை காட்ட என்னால் முடியவில்லை, உண்மையாகவே தீர்ந்துபோய்விட்டது. வித்தை இல்லாமலே வகுப்பை உயிரோடு வைத்திருக்க முடியுமா? அந்த ஒன்பது பேரைக் கூச்சப்படுத்தாமல் எப்படி வாசிக்க வைப்பது?

சாக்பீஸ் தூசி:

டீச்சர், அந்த ‘அப்பாடா’ எங்கள் வகுப்பிலும் கேட்டிருக்கிறேன், மைக்குக்குப் பதில் என்னிடம் பொம்மலாட்டம்.

முதலில் ஆளுக்கு ஒரு பத்தியை விட்டுவிடுங்கள், அதைச் சுவாரசியமாக்கவே முயற்சி செய்ய வேண்டாம். சீட்டு, பந்து, மைக் எல்லாமே அதற்குப் போட்ட பெயின்ட்தான், உள்ளே இருப்பது ஒருவர் வாசிக்க முப்பது பேர் காத்திருக்கும் அதே ஏற்பாடு.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். புதுப் பாடம் என்றால் முதல்நாள் நானே முழுசாக வாசிப்பேன், பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்திருக்க வேண்டும், கேட்பது மட்டும்தான் வேலை. இரண்டாம் நாள் நான் ஒரு வாக்கியம், அவர்கள் அதே வாக்கியம், எதிரொலி மாதிரி. மூன்றாம் நாள்தான் எங்கள் வகுப்பின் பிரியமான ஐட்டம், அதற்குப் பெயர் ‘தப்பு டீச்சர்’. நான் வாசிக்கும்போது வேண்டுமென்றே தப்பு விடுவேன். ‘ஆடு’ என்று இருப்பதை ‘மாடு’ என்பேன், ‘வரவில்லை’யை ‘வந்தது’ என்பேன், ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுவேன். கண்டுபிடித்தவர்கள் ‘தப்பு!’ என்று கத்தி, சரியான சொல்லை வாசித்துக் காட்ட வேண்டும். மொத்த வகுப்பின் கண்ணும் வரியை விட்டு அசையாது, ஏனென்றால் டீச்சரைப் பிடித்துக் கொடுக்கிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கும் இதில் இடமுண்டு, அவன் விரலை வைத்து என் குரலோடு ஓடி வருகிறான், தனியாக எழுந்து நிற்க வேண்டியதில்லை. நான்காவது வருடமாக இதைச் செய்கிறேன், சலிக்கவில்லை. தப்பை மட்டும் நாளுக்கு நாள் பொடியாக்க வேண்டும். கடைசியில் ‘வந்தன’ என்று இருப்பதை ‘வந்தான்’ என்று வாசித்துவிட்டுப் போவேன், அதையும் பிடிப்பார்கள்.

எழுத்துக் கூட்டும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. ‘247 எழுத்தும் தெரியவில்லை, மறுபடி அ, ஆ’ என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் எழுத்து தெரியும் (கொ, கௌ குழப்பம், ர, ற குழப்பம் எல்லாம் இருக்கும், அது வேறு). எங்கள் வகுப்பில் முட்டுக்கட்டை வேறு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, சொல்லின் நீளம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரே சொல்லாக நின்றால் நமக்கே மூச்சு வாங்கும். பென்சிலால் வந்து / கொண்டு / இருந்தவர் / களுக்கு என்று கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு துண்டாகச் சொல்லி, பிறகு ஒட்டி வாசிக்க வைத்தேன். ஒரு மாதத்தில் கோடு இல்லாமலே கண்ணால் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, காது. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’, மூன்றிலும் எழுதுவது ஒரே க-தான், வாயில் வருவது மூன்று விதம். கூட்டி வாசிக்கிறவன் ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ மாதிரி சொல்லிவிட்டு, தினமும் தான் பேசுகிற சொல்தான் அது என்பதே தெரியாமல் தாண்டிப் போகிறான். அப்புறம் வீட்டில் ‘அவங்க போயிட்டாங்க’, புத்தகத்தில் ‘அவர்கள் சென்றுவிட்டனர்’. இந்தத் தமிழை அவன் காதால் கேட்டதே இல்லை, கேட்காததைக் கண்ணால் எப்படி அடையாளம் தெரிந்துகொள்வான்? அதனால்தான் முதல்நாள் மூடிய புத்தகம். நீங்கள் சொன்ன அந்த ஏற்ற இறக்கப் பையன் மேலும் எனக்கு இதே சந்தேகம்தான், அவனுக்கு அது வேறு யாரோ பேசுகிற பாஷை, ராகம் மட்டும் பிடித்துக்கொண்டான். வாசித்ததை அவன் பேச்சிலேயே சொல்லச் சொல்லிப் பாருங்கள், ‘உன் தம்பிக்குச் சொல்ற மாதிரி சொல்லு’ என்று.

ஓய்வுபெற்ற ஹெச்.எம்.:

அம்மா, கேட்பதற்குக் கடுமையாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சலிப்பு யாருக்கு? பிள்ளைகளுக்கா, உங்களுக்கா?

புதுப் புத்தகம் வந்ததிலிருந்து அதே பாடத்தை வருடா வருடம் நடத்துகிறீர்கள், உங்களுக்குப் புளித்துவிட்டது, அது இயற்கை. எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அதை இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறது. பிள்ளைகள் பழசை வெறுக்கிறவர்கள் இல்லை. ஒரே கதையை ஒரே இடத்தில் ஒரே மாதிரி நிறுத்திச் சொல்லவில்லை என்றால் சண்டைக்கு வருகிற ஜாதி அது. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள்.

நான் 1980-களில் சேர்ந்தவன். எத்தனை ‘புதுசு’ பார்த்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள். செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது, அட்டை, ஏணிப்படி, கம்பிப் பந்தல், சுவரடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. அப்புறம் படைப்பாற்றல், சமச்சீர், முப்பருவம், 2022-ல் எண்ணும் எழுத்தும், அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளுக்கு மூன்று நிலை. நான் கேலி செய்யவில்லை, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று நல்லது இருந்தது. அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை மாதிரி அருமையான யோசனையை நான் பார்த்ததில்லை, எந்தப் பிள்ளையும் எட்டி நிற்காமல் எழுதலாம். ஆனால் ஒவ்வொன்றும் வந்தபோது முந்தையதைத் தூக்கி அறைக்குள் பூட்டினார்கள், நல்லதும் அதோடு போனது.

நான் 20 வருடமாக மாற்றாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. கடைசிப் பீரியடில் கடைசி 15 நிமிடம் நான் கதை வாசிப்பேன். ஒரு நீளமான கதைப்புத்தகம், ஒரு மாதம் வரும். இறுக்கமான இடத்தில், கதவு தட்டப்படுகிறது என்ற இடத்தில், மணி அடிக்காவிட்டாலும் நிறுத்திவிடுவேன். கேள்வி கேட்க மாட்டேன், எழுதச் சொல்ல மாட்டேன், நீதி சொல்ல மாட்டேன். ஒருமுறை நிறுத்திவிட்டுப் போன மறுநாள் காலை பீரோ திறந்து கிடக்கிறது, புத்தகத்தைக் காணோம். வாட்ச்மேனைத் திட்டினேன். மூன்று நாள் கழித்து ஒரு எட்டாம் வகுப்புப் பையன், எழுத்துக் கூட்டுகிற கோஷ்டியில் இருந்தவன், கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றான். ‘கதவைத் தட்டினது யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு எடுத்தேன் சார், இன்னும் அந்த இடத்துக்கு வரல’ என்றான். மூன்று நாளில் நாலரைப் பக்கம் வாசித்திருந்தான். நான் அடித்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் அடிப்போம். அடிக்கவில்லை.

பீரோவை அதற்கப்புறம் பூட்டவில்லை. ஆடிட்டில் கேட்டால் இருப்புப் பதிவேட்டில் ‘சேதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். நிறையப் பள்ளிகளில் நூலகப் புத்தகம் புத்தம்புதுசாக இருப்பதற்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை, எண்ணிக்கை குறையக் கூடாது என்ற பயம்தான்.

டிஜிட்டல் வாத்தியார்:

ரீட் அலாங் என்று கூகுளின் செயலி இருக்கிறது, தமிழும் உண்டு. பிள்ளை சத்தமாக வாசித்தால் அது கேட்டுக்கொண்டே வரும், தடுமாறினால் சொல்லிக் கொடுக்கும், நட்சத்திரம் தரும். அந்த ஒன்பது பேருக்கும் போட்டுக் கொடுங்கள். செயலி முன்னால் கூச்சமே இருக்காது.

புளியமரத்தடி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஹெச்.எம். சார், அடி கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. இரண்டு நாள் யோசித்தேன். ‘எனக்கா சலிப்பு’ என்று கோபம் வந்தது, அப்புறம் நேற்று ஏழாம் வகுப்பில் அந்தக் குறிப்பிட்ட பாடத்தைத் திறக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்ததைக் கவனித்தேன். ஆமாம், எனக்குத்தான். ஒப்புக்கொள்கிறேன்.

டிஜிட்டல் சார், அந்தச் செயலியை நான் என் மகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், நல்ல செயலிதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் வீட்டில் ஒரு போன், அது அப்பாவோடு சாயங்காலம் ஏழு மணிக்கு வரும், வந்ததும் அதில் முதலில் அண்ணன், அப்புறம் ரீல்ஸ். பள்ளியில் என் போனைக் கொடுத்தால் ஒருவன் கத்தி வாசிக்க மற்ற எட்டு பேர் சத்தத்தில் அது யார் வாசிப்பதைக் கேட்கும்? ஓய்வு நேரத்தில் இரண்டு இரண்டு பேராகச் செய்து பார்க்கிறேன்.

‘தப்பு டீச்சர்’ நாளைக்கே.

மட்டுநகர் ரீச்சர்:

வணக்கம் ரீச்சர், நான் மட்டக்களப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆரம்பப் பிரிவு. உங்கட கதையை வாசிக்க எங்கட பாடசாலையைப் பார்த்த மாதிரியே இருந்தது, அந்த விரல் வைத்து எண்ணுகிற பிள்ளை இங்கேயும் கடைசி வாங்கில் இருக்கிறார். எங்களுக்குத் தரம் 5-ல் புலமைப்பரிசில் பரீட்சை வேறு, தரம் 4-ல் இருந்தே வாசிப்பு என்றால் வினாத்தாள் வாசிப்பு என்று ஆகிவிடும். அது தனிக் கவலை, விடுவம்.

அந்த ஒன்பது பிள்ளைகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர்களை வாசிக்கச் செய்வதை விட, வாசித்துக் காட்டச் செய்து பாருங்கள். எங்களிடம் தரம் 5-ல் ஆறு பிள்ளைகள் தட்டுத்தடுமாறி வாசிக்கிறவர்கள். பத்து வயதுப் பிள்ளையின் கையில் தரம் 1 கதைப்புத்தகத்தைக் கொடுத்தால் அது அவமானம், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் ‘தரம் 1 பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கதை வாசிக்க ஆள் வேண்டும், நீங்கள் ஆறு பேரும் வருவீர்களா’ என்று கேட்டேன். புத்தகம் அதேதான், ஆனால் இப்போது அது அவர்கள் வாசிக்கத் தெரியாததால் கொடுத்த புத்தகம் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம். திங்கள் தொடக்கம் வியாழன் வரை அந்தப் பன்னிரண்டு வரியை எத்தனை தரம் வாசித்துப் பழகினார்கள் என்று எனக்கே கணக்கில்லை. நான் சொல்லியிருந்தால் இரண்டு தரத்தோடு கொப்பியை மூடியிருப்பார்கள்.

ஒரு விஷயம், முதல் வெள்ளி சரியாக வரவில்லை. ஒரு பிள்ளை அழுதுவிட்டார். தரம் 1 பிள்ளைகள் பத்துப் பேரைச் சுற்றி இருத்தியது என் பிழை. ஒருவருக்கு இரண்டு சின்னவர்கள், மரநிழலில், அவ்வளவுதான் தாங்கும்.

இன்னொன்று, இது விளையாட்டுத்தான் ஆனாலும் எங்களுக்கு இரண்டு வருடமாகச் சலிக்கவில்லை. எங்கட நாட்டில் பெட்டி, போத்தல், பலகை எல்லாவற்றிலும் மூன்று மொழி இருக்கும், அதில் தமிழ் இருக்கிறதே, அதை ஏன் கேட்கிறீர்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்து உறைகளைக் கொண்டுவந்து பிழை பிடிப்பார்கள். ஒரு பிஸ்கட் உறையில் சீனி ‘சீணி’ ஆகியிருந்தது, ஒரு பேருந்து இருக்கைக்கு மேல் கர்ப்பிணித் தாய்மாரின் புள்ளியெல்லாம் காணாமல் போயிருந்தது. வகுப்பின் பின்சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஒரு பொடியன் உங்கட நாட்டுச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து ‘ரீச்சர், இதில் உங்களையே பிழையாக எழுதியிருக்கிறார்கள்’ என்று ‘டீச்சர்’ என்ற சொல்லைக் காட்டினான். அன்று பாடம் முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்தோம்.

ஆட்டோக்காரன்:

நான் வாத்தியார் இல்லை, ஆறாவது படிக்கிற பையனின் அப்பா. தம்பி அனுப்பிய லிங்கில் வந்தேன். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘பாடத்தைப் பத்து முறை வாசித்து வரவும், பெற்றோர் கையொப்பம்’ என்று டைரியில் வரும். நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ஸ்டாண்டில் இருந்து வந்து சாப்பிடும்போது நீட்டுவான், போட்டுக் கொடுத்துவிடுவேன். பத்து முறை அதையே கேட்க யாரால் முடியும், அவனால்தான் எப்படி வாசிக்க முடியும்?

ஆனால் அவன் வீட்டில் தானாக வாசிப்பது உண்டு. என் அம்மாவுக்கு எழுத்து தெரியும், கண் சரியில்லை. ரேஷன் கடை மெசேஜ், நூறு நாள் வேலை அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இவன்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். தேதியைத் தப்பாக வாசித்து அம்மா ஒருநாள் முன்னாடியே மண்டபத்துக்குப் போய் நின்ற கதையெல்லாம் நடந்திருக்கிறது. அதற்கப்புறம் ஐயா ரொம்பக் கவனம்.

போன பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்தபோது அம்மாவின் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பையன் எடுத்து வாசிக்கப் பார்க்கிறான், நடுவில் நடுவில் சிக்கிக்கொள்கிறான். ‘லை’, ‘னை’ எல்லாம் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்துக்கொண்டு நிற்கிறது, ‘றா’, ‘னா’ எல்லாம் தனியாகக் கால் இல்லாமல் சுழித்துக் கிடக்கிறது. 1978-ல் மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தமிழிலேயே தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து இருக்கிறது, அது பாட்டிக்குத் தெரிகிறது என்பதில் பையனுக்குப் பயங்கர ஆச்சரியம். எழுத்துக் கண்ணுக்குப் பிடிபடாதபோது பாட்டி அவனை வரைந்து காட்டச் சொல்வார், பெரிசாக, சிலேட்டில். அவர் சொல்ல இவன் வாசிக்க, பதினைந்து நாள் சாயங்காலம் டிவி ஓடவில்லை எங்கள் வீட்டில். நோட்டில் இரண்டு வரிசையாகப் பழைய எழுத்து, புது எழுத்து என்று எழுதி வைத்திருக்கிறான்.

அதனால் மேடம், பத்து முறை என்று போடாமல், வீட்டில் யாருக்காவது ஒருமுறை வாசித்துக் காட்டு, கேட்டவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வா என்று போட்டுப் பாருங்கள். நானும் அப்போது தப்பிக்க முடியாது.

வள மையம்:

வட்டார வள மையத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக இருக்கிறேன். எல்லோரும் நல்ல யோசனைகளாகச் சொல்லியிருக்கிறீர்கள், நான் ஒரு தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்க்கிறேன். அந்த ஒன்பது பேரும் ஒரே காரணத்தால் தடுமாறுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கண். கரும்பலகையில் எழுதியதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா என்று பாருங்கள். பள்ளி மூலமாகவே பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி வாங்கித் தர வழி இருக்கிறது, நம் ஆட்கள் அலைந்தால் போதும். ‘மந்தம்’ என்று ஐந்து வருடம் பெயர் வாங்கிய ஒரு பெண், கண்ணாடி போட்ட வாரத்தில் ‘மரத்துல இலை தனித்தனியா தெரியுது’ என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒரு எளிய சோதனை, பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து ஒரு சின்னப் பத்தியை நீங்கள் வாசித்துக் கேள்வி கேளுங்கள். அதே அளவு இன்னொரு பத்தியை அவன் வாசித்துப் பதில் சொல்லட்டும். காதால் கேட்டதற்கு நன்றாகப் பதில் சொல்கிறான், கண்ணால் வாசித்ததற்கு முடியவில்லை என்றால் சிக்கல் எழுத்தைச் சொல்லாக்குவதில் இருக்கிறது, கோடு போட்டுப் பிரிப்பது, திரும்பத் திரும்ப வாசிப்பது எல்லாம் அவனுக்கு உதவும். கேட்டதற்கும் பதில் இல்லை என்றால் எத்தனை முறை வாசிக்க வைத்தாலும் பிரயோசனம் குறைவு, அவனுக்கு வேண்டியது கதை கேட்பது, பேசுவது, புதுச் சொற்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் எழுதியது இதுதான், வாசித்துப் புரிந்துகொள்ள எழுத்தைச் சொல்லாக்கும் திறனும் மொழி புரிதலும் இரண்டும் வேண்டும், ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம் என்று. உங்கள் ஏற்ற இறக்கப் பையனையும் இதில் உட்கார வையுங்கள். அவன் நன்றாக வாசிக்கிறவன் என்ற பெயரில் யார் கண்ணிலும் படாமல் பத்தாவது வரை போய்விடுவான்.

கேட்டால் எல்லாம் புரிகிறது, புத்திசாலியாகப் பேசுகிறான், இத்தனை பயிற்சிக்குப் பிறகும் எழுத்து மட்டும் நிற்கவே இல்லை என்றால் எங்களிடம் அனுப்புங்கள். ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ (டிஸ்லெக்ஸியா மாதிரியானவை) 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று, தேர்வில் சலுகைகள் உண்டு. சோம்பேறி என்று முத்திரை விழுவதற்கு முன்னால் அனுப்புங்கள், பெரும்பாலும் எட்டாம் வகுப்பில்தான் எங்களிடம் வருகிறார்கள்.

புளியமரத்தடி டீச்சர்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், நடுவில் காலாண்டுத் தேர்வு, எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு, எல்லாம்.

‘தப்பு டீச்சர்’ பட்டாசு. பக்கத்து வகுப்பு சார் சத்தம் தாங்காமல் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார். இப்போது தப்பு கண்டால் கத்தாமல் கையைத் தூக்க வேண்டும் என்று சட்டம், அதனால் கொஞ்சம் உப்புக் குறைந்திருக்கிறது, பரவாயில்லை. தினமும் 15 நிமிடக் கதையை என்னால் தொடர முடியவில்லை, வாரத்துக்கு மூன்று நாள் முடிகிறது. ஹெச்.எம். சார், முக்கியமான இடத்தில் நிறுத்துவது பெரிய கலை. முதல் தடவை எல்லோரும் ஏற்கெனவே யூகித்துவிட்ட இடத்தில் நிறுத்தினேன், ஒருவனும் கண்டுகொள்ளவில்லை.

ஒன்பது பேரையும் தனித்தனியாகச் சோதித்தேன். இரண்டு பேருக்குக் கண், அதில் ஒருத்திக்குக் கண்ணாடி வந்துவிட்டது. ஐந்து பேர் காதால் கேட்டால் என்னைவிட நன்றாகக் கதை சொல்கிறார்கள். ஒருவனை வள மையத்துக்கு எழுதியிருக்கிறேன். ஏற்ற இறக்கப் பையன் கேட்டதற்கும் விழித்தான், இத்தனை நாள் அவனைத்தான் நான் ஆய்வாளர் வந்தால் வாசிக்க நிறுத்துவேன். வீட்டுப்பாடத்தை ஆட்டோ அண்ணன் சொன்ன மாதிரி மாற்றினேன். ஒரு அம்மா ‘எங்கள் ஊர்க் கண்மாயும் இப்படித்தான் இருந்தது’ என்று எழுதி அனுப்பியிருந்தார். ஒரு அப்பா ‘தூங்கிவிட்டேன்’ என்று நேர்மையாக எழுதியிருந்தார்.

ரீச்சர் சொன்ன வெள்ளிக்கிழமை வாசிப்பை இரண்டாம் வகுப்போடு ஆரம்பித்தோம், புளியமரத்தடியில், ஒரு அண்ணனுக்கு இரண்டு பொடிசு. அந்த ஐந்து பேரில் ஒருவன், யார் பெயர் கூப்பிட்டாலும் தலையைக் குனிகிறவன், தானே பீரோவில் தேடி ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டான். பின் அடித்த 16 பக்கப் புத்தகம், அட்டையும் இல்லை, நடுத்தாளும் கழன்று போயிருக்கிறது. பழகும்போதே ஆறாம் பக்கத்துக்கு அடுத்து பதினொன்று வருவதை அவன் பார்த்திருப்பான், என்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நான் அவனுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஆறாம் பக்கம் முடிந்தது, பொடிசு ஒன்று ‘அப்புறம் என்னண்ணா ஆச்சு’ என்றது. அவன் பக்கத்தைத் திருப்பாமல், இல்லாத வரியின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே, ஒரு நான்கு பக்கம் சொந்தமாக வாசித்தான். பேச்சுத்தமிழ் இல்லை, ‘அப்போது அந்தப் பூனை மெல்ல இறங்கி வந்தது’ என்று புத்தகத் தமிழ். பிறகு பதினொன்றாம் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான்.

மணி அடித்ததும் என்னிடம் வந்து, ‘டீச்சர், நிஜமா அந்த நாலு பக்கத்துல என்ன இருக்கும்? வேற புக்கு இருக்கா?’ என்றான். நூலகத்தில் தேடிவிட்டேன், பக்கத்துப் பள்ளியிலும் கேட்டுவிட்டேன், கிடைக்கவில்லை. மீன் விற்கும் பாட்டியின் தராசுத் தட்டில் ஒரு பூனை ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது, ஆறாம் பக்கம் அதோடு முடிகிறது. பதினொன்றில் பாட்டியும் பூனையும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பள்ளி பீரோவில் யாரிடமாவது இருந்தால் 7 முதல் 10 வரை பக்கங்களைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். தினமும் காலையில் கேட்கிறான்.